நுணுக்கம் காட்டும் இயர்போனில் பேஸின் தரத்தை எப்படிக் கணிப்பது?

தாழ்சுருதி கேட்டது:

வணக்கம். காதுக்குள் செருகும் இரண்டு இயர்போன்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒலியெழுப்பும் பாகமான டிரைவர் ஒன்றில் ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மச்சர் (காந்தத்தின் நடுவே அசையும் சிறு உலோக நாக்கு), மற்றதில் 10 மிமீ டைனமிக் (கம்பிச் சுருள் அசைக்கும் சவ்வு). இரண்டையும் கையடக்க பிளேயரில் நேரடியாகச் செருகித்தான் கேட்பது. தனி ஆம்ப் கிடையாது.

முதலாவதில் பாடகரின் மூச்சு, வயலின் வில்லின் உரசல், சிம்பல் அடங்கும் விதம் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி மட்டும் சில சமயம் இருக்கிறது, சில சமயம் காணாமல் போகிறது. இரண்டாவதில் பேஸ் நிறையவே உண்டு. ஆனால் பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஒரே மொத்தையாகக் கேட்கின்றன.

பேஸின் அளவு குறைவதையும் தரம் குறைவதையும் எப்படிப் பிரித்தறிவது? "இறுக்கமான பேஸ்", "வேகமான பேஸ்" என்று எழுதுகிறார்களே, அதற்குத் திட்டமான பொருள் உண்டா? பிளேயரை மாற்றினால் பேஸ் மாறுமா? ஈக்வலைசரில் பேஸை +6 டெசிபல் ஏற்றினால் முதலாவதில் கரகரவென்று வருகிறது. குறை இயர்போனிலா, பிளேயரிலா?

---

செவிக்குழல் எழுதியது:

"சில சமயம் இருக்கிறது, சில சமயம் காணாமல் போகிறது" என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டிரைவர் நேரத்துக்கு நேரம் மாறாது. மாறுவது காதடைப்பு, அதாவது இயர்போன் காதுக்குழாயை எவ்வளவு இறுக மூடுகிறது என்பது. அதைச் சரிபார்க்காமல் இந்த இரண்டு இயர்போன்களின் பேஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் காற்று எதிர்த்துத் தள்ளும். விரலைத் துளி தளர்த்திவிட்டு மெதுவாக அழுத்தினால் காற்று ஓரமாக நழுவிவிடும், அழுத்தமே ஏறாது. அதே தளர்ந்த விரலோடு சட்டென்று குத்தினால் எதிர்ப்பு இருக்கும், ஏனென்றால் காற்று வெளியேற நேரம் போதவில்லை. காதுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. பேஸ் என்பது மெதுவான அழுத்தம், சிம்பல் என்பது வேகமான குத்து. மயிரிழை கசிவு இருந்தாலும் முதலில் போவது 30, 40 ஹெர்ட்ஸ். கசிவு பெரிதாகப் பெரிதாக 100, 200 என்று மேலே ஏறி வரும். குரலும் சிம்பலும் அப்படியே இருக்கும். அதனால்தான் அடைப்பு சரியில்லாத இயர்போன் "நுணுக்கமாக, ஆனால் பேஸ் இல்லாமல்" கேட்கிறது.

அடைப்பு முழுதாக இருந்தால், டிரைவர் சிறியது என்பதால் மட்டும் தாழ்ந்த பேஸ் வராமல் போகாது. இயர்போன் முனையில் மாட்டும் மென்மையான டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் காற்று மிகக் கொஞ்சம்தான். அவ்வளவு சிறிய இடத்தில் டயாஃப்ரம் (டிரைவரின் அதிரும் சவ்வு) கொஞ்சம் அசைந்தாலே போதும். டிரைவரின் மிமீ அளவை வைத்துப் பேஸைக் கணிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

சோதனைக்கு ஒரு கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற செயலியில் சைன் அலை, ஆம்ப்ளிட்யூட் 0.5, வரிசையாக 200, 120, 80, 60, 40, 30 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 5 விநாடி. ஒவ்வொன்றின் முதலிலும் கடைசியிலும் அரை விநாடி ஃபேட் கொடுங்கள்; இல்லாவிட்டால் துவங்கும் இடத்தில் வரும் "டக்" சத்தத்தைப் பேஸ் என்று எண்ணிவிடுவோம். 40 ஹெர்ட்ஸ் மட்டும் தனியாக ஒரு நிமிடம் ஓடும்படி இன்னொரு கோப்பும் தேவைப்படும். பிளேயரின் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பழகிய பாட்டு ஒன்றை வழக்கமான அளவில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வால்யூமைத் தொடாமல் சோதியுங்கள்.

தாழப் போகப் போக ஒலி குறைந்துகொண்டே போவது இயல்பு. மனிதக் காது 100 ஹெர்ட்ஸைக் கேட்க சுமார் 26 டெசிபல் போதும். 40 ஹெர்ட்ஸுக்கு 51, 20 ஹெர்ட்ஸுக்கு 78 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஆகவே 20 கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றாதீர்கள். அந்த வால்யூமில் அடுத்த பாட்டு துவங்கினால் காதுக்குத்தான் கேடு.

40 ஹெர்ட்ஸ் ஓடும்போது வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவம் மாறும். ஒலி ஏறி இறங்கினால் டிப் சிறியது, அல்லது ஆழம் போதவில்லை. அடுத்து இயர்போனை விரலால் லேசாக உள்ளே தள்ளுங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள்.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த சுருதியில் "ம்…" என்று முனகுங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவாகக் குரல் முழங்க வேண்டும். ஒரு பக்கம் முழங்கி மறுபக்கம் வெறுமையாக இருந்தால், வெறுமையான பக்கத்தில் ஓட்டை. எலும்புப் பகுதி வரை ஆழமாகச் செல்லும் மூன்றடுக்கு டிப்பில் இந்த முழக்கமே குறைவாகத்தான் இருக்கும். அங்கே இரு பக்கமும் சமமா என்பதை மட்டும் பாருங்கள்.

செருகும் முறையும் முக்கியம். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் செருகுங்கள். வளைந்த குழாய் அப்போது நேராகும். ஃபோம் டிப் என்றால் விரலிடையே உருட்டி மெல்லியதாக்கி, செருகிய பின் அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். அது மெதுவாக விரிந்துதான் அடைக்கும்; உடனே கையை எடுத்தால் வெளியே நழுவி, பாதி ஆழத்தில் நின்றுவிடும்.

பலரும் பார்க்கத் தவறும் இன்னொரு கசிவு, டிப்புக்கும் உலோக முனைக்கும் இடையில். டிப்பை முனையில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிச் சுற்றினால் துளை பெரிது. காதில் கச்சிதமாக இருந்தும் காற்று உள்வழியாகப் போய்விடும். முனையின் விட்டத்துக்கு ஏற்ற டிப்பாகப் பார்த்து வாங்குங்கள், முனையில் இருக்கும் சிறு வரம்பைத் தாண்டி உட்காரும் வரை அழுத்துங்கள்.

---

அலைநீளம் எழுதியது:

செவிக்குழல் சொன்னதை முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

பேஸ் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் மூன்று பகுதிகள் உண்டு. 20 முதல் 60 வரை அடிப் பேஸ்: காதால் கேட்பதைவிட அழுத்தமாக உணர்வது. 60 முதல் 150 வரை நடுப் பேஸ்: டிரம்மின் "தும்", பேஸ் கிட்டாரின் உடல். 150 முதல் 300 வரை உள்ள பகுதி பேஸும் குரலும் சந்திக்கும் இடம். ஆண் குரலின் கனமும் செல்லோவின் வெதுவெதுப்பும் இங்கே. "மொத்தையாகக் கேட்கிறது" என்ற குறைக்கு மிகப் பெரும்பாலும் காரணம் இந்தக் கடைசிப் பகுதி. பேஸை உயர்த்திய வடிவமைப்பில் அந்த உயர்வு 150-க்குள் இறங்கிவிட்டால் குரல் தெளிவாக நிற்கும். 300 வரை நீண்டுவிட்டால் எல்லாவற்றின் மேலும் கம்பளி போர்த்தியது போலாகும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலியை எளிதில் மறைக்கும், மேலே உள்ளது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைக்காது. காது அப்படி அமைந்திருக்கிறது. அதனால் நடுப் பேஸ் மிகுதியின் விலையைக் குரலும் கிட்டாரும் கொடுக்கின்றன.

"வேகமான பேஸ்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி முடிய 20 மில்லிவிநாடி ஆகும். எந்த டிரைவரும் அதைச் சீக்கிரம் முடிக்க முடியாது. முடித்தால் அது 50 ஹெர்ட்ஸே இல்லை. டிரம்மில் கட்டை தோலைத் தொடும் "டிக்" 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, "தும்" 50 முதல் 100 பக்கம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் நாம் வேகம் என்று கேட்கிறோம். "டிக்" தூக்கலாக, "தும்" அளவாக இருந்தால் வேகம். "தும்" மிகுந்து "டிக்" அமுங்கினால் மந்தம். ஆர்மச்சர் டிரைவருக்கு வேகப் பேஸ் என்று பெயர் வந்ததில் பெரும்பங்கு அடிப் பேஸ் அளவாக இருப்பதற்கும் மேல் பகுதி முன்னே நிற்பதற்கும் உரியது. அதே அளவுக்குச் சமன் செய்த நல்ல டைனமிக் டிரைவரும் "வேகமாக"க் கேட்கும்.

இனி அளவையும் தரத்தையும் பிரிக்கும் வழி. முதலில் இரண்டு இயர்போன்களின் ஒலி அளவைச் சமப்படுத்த வேண்டும். பேஸே இல்லாத, குரல் மட்டும் உள்ள 10 விநாடிப் பகுதி ஒன்றை எடுத்து, இரண்டிலும் குரல் ஒரே உரப்பாகக் கேட்கும் வால்யூம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு முழுவதையும் வைத்துச் சமப்படுத்தினால் பேஸ் அதிகமுள்ளது உரப்பாகத் தோன்றி, அதன் வால்யூமைக் குறைத்துவிடுவோம், ஒப்பீடு கெட்டுவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நுணுக்கம் காட்டும் இயர்போன்களில் பல 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கலாக இருக்கும். காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். அதனால் கை தானாக வால்யூமை 3, 4 டெசிபல் இறக்கிவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் காட்டியது இதைத்தான்: மொத்த ஒலி குறையும்போது தாழ்ந்த பகுதி மற்றதைவிடச் சீக்கிரம் காதிலிருந்து மறைகிறது. டிரைவரில் குறை எதுவும் இல்லாமலே பேஸ் போய்விடும்.

சமப்படுத்திய பின் இந்த நான்கைக் கவனியுங்கள்.

பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும் இடம். நான்கு தந்திப் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி என்றால் 31. ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே கனத்தில் வர வேண்டும். ஒன்றிரண்டு சுரம் மட்டும் முழங்கி மற்றவை மெலிந்தால் அங்கே ஒரு முகடு இருக்கிறது. இதுதான் உண்மையான தரக்குறை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 41 ஹெர்ட்ஸை இயர்போன் தரவே இல்லையென்றாலும் 82, 123 ஆகிய மேற்சுரங்களிலிருந்து மூளை அந்தச் சுருதியை ஊகித்துக்கொள்ளும். ஆகவே "பேஸ் வரியைத் தொடர முடிகிறது" என்பது அடிப் பேஸ் இருப்பதற்குச் சான்று ஆகாது. சுருதி தெரிந்தும் எடை தெரியாவிட்டால் அடிப் பேஸ் குறைவு.

பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஒரே தாளத்தில் சேர்ந்து விழும் இடம். இரண்டின் தொடக்கமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். டிரம் அடங்கிய பிறகும் தந்தி ஒலித்துக்கொண்டிருப்பது கேட்க வேண்டும்.

ஆண் குரல் தனியாகப் பாடி, நடுவில் பேஸ் நுழையும் இடம். பேஸ் வந்ததும் குரல் தடித்துவிட்டால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் மிகுதி.

நான்காவது, மிருதங்கத்தின் தொப்பியில் வரும் கும்கி. சுருதி வழுக்கிக்கொண்டே போகும் ஒலி அது. வழுக்கும் வழியில் ஓரிடத்தில் மட்டும் உப்பினாலோ அமுங்கினாலோ உடனே பிடிபடும். ஒற்றைச் சுரம் காட்டாத முகட்டை இது காட்டிக்கொடுக்கும்.

சிதைவுக்கு மறுபடியும் 40 ஹெர்ட்ஸ் கோப்பு. சுத்தமாக வந்தால் அது மென்மையான அழுத்தமாக, கிட்டத்தட்ட ஓரம் இல்லாத ஒலியாக இருக்கும். "ர்ர்ர்" என்று ரீங்காரம் சேர்ந்தால், அல்லது 80 ஹெர்ட்ஸ் கோப்பின் சுருதி இதிலும் தெளிவாகக் கேட்டால், டிரைவர் இரட்டை, மும்மடங்கு அலைவெண்களைத் தானாகச் சேர்க்கிறது. காது 120 ஹெர்ட்ஸுக்கு 40-ஐ விட மிகக் கூர்மையாக இருப்பதால் கொஞ்சம் சேர்ந்தாலும் தெரியும். வழக்கமான வால்யூமில் மட்டும் இதைச் செய்யுங்கள். மிகை வால்யூமில் எந்த டிரைவரும் சிதையும்.

அளவீட்டு வரைபடங்கள் பார்ப்பவர் என்றால் ஒரு குறிப்பு. 711 என்று வழங்கும் செயற்கைக் காதில் எடுத்த வரைபடம், கசிவில்லாமல் பொருத்தி எடுத்தது. அதில் தெரியும் பேஸ், அடைப்பு முழுதாக இருந்தால் கிடைக்கக்கூடியது.

---

ஓம்விதி எழுதியது:

பிளேயர் கேள்விக்கு வருகிறேன். பேஸ் மாறலாம். மாறினால் காரணம் கணக்கில் அகப்படும்.

ஒன்று, வெளியீட்டில் உள்ள கப்பாசிட்டர். பழைய கையடக்க பிளேயர்கள் பலவற்றில் ஹெட்போன் வெளியீடு ஒரு கப்பாசிட்டர் வழியாக வரும். அதுவும் இயர்போனின் ஓமும் (மின்தடையும்) சேர்ந்து தாழ்ந்த பகுதியை வடிகட்டும். 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரில் 32 ஓம் இயர்போன் போட்டால் 3 டெசிபல் இறங்கும் இடம் சுமார் 23 ஹெர்ட்ஸ், கவலையில்லை. அதிலேயே 16 ஓம் போட்டால் 45 ஹெர்ட்ஸ். கப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்றால் 16 ஓமுக்கு 100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 50-ல் சுமார் 7 டெசிபல் குறையும். இன்றைய பிளேயர்களிலும் சின்ன டாங்கிள்களிலும் பெரும்பாலும் கப்பாசிட்டர் இல்லாத நேரடி வெளியீடுதான். உங்களுடையது பழையது என்றால் இதைச் சந்தேகியுங்கள். அறிகுறி: அதே இயர்போன் வேறு பிளேயரில் அடிப் பேஸோடு கேட்கும், குரலில் மாற்றம் இருக்காது.

இரண்டு, வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் வெளியீட்டிலேயே இருக்கும் மின்தடை. டைனமிக் டிரைவரின் ஓம் எல்லா அலைவெண்ணிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே இது ஒலியளவைக் குறைக்குமே தவிர நிறத்தை மாற்றாது. ஆர்மச்சரின் கதை வேறு. பேஸில் 16 ஓம், மேலே எங்கோ 40 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் வெளியீடு 10 ஓம் என்றால் பேஸ் 4.2 டெசிபல் இழக்கும், மேல்பகுதி 1.9 மட்டும் இழக்கும். ஒப்பளவில் பேஸ் 2.3 டெசிபல் கீழே போய்விட்டது. வெளியீடு 1 ஓம் என்றால் அந்த வேறுபாடு 0.3 டெசிபல், காதுக்குத் தெரியாது. இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே பிளேயரின் ஓம் இருக்கட்டும் என்ற விதி இங்கிருந்து வருகிறது. 16 ஓமுக்கு 2 ஓம்.

இதை வேண்டுமென்றே பயன்படுத்திய இயர்போனும் உண்டு. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்4 ஆர்மச்சர் இயர்போன் வரிசையில் பி வகை 27 ஓம், கையடக்க பிளேயர்களுக்காக வந்தது. எஸ் வகை 100 ஓம். பி வகையில் 75 ஓம் தடையுள்ள இணைப்புக் கம்பியைச் சேர்த்தால் அது எஸ் வகையின் ஒலிக்கு மாறும்: பேஸ் மெலியும், மேல்பகுதி எழும். டிரைவர் அதேதான். பல ஆர்மச்சர் சேர்ந்த இயர்போன்களில் மாற்றம் எந்தப் பக்கமும் போகலாம், அலைவெண்களை டிரைவர்களுக்குப் பங்கிடும் கிராஸ்ஓவரைப் பொறுத்தது.

மூன்று, சில பிளேயர்களில் கூடுதலாக இருக்கும் 4.4 மிமீ பேலன்ஸ்டு ஹெட்போன் துளை (பேலன்ஸ்டு ஆர்மச்சருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை). அதில் செருகினால் பேஸ் கூடியது போலிருக்கும். பல பிளேயர்களில் அந்தத் துளை அதே வால்யூம் எண்ணில் சுமார் 6 டெசிபல் உரப்பாகத் தருவதுதான் காரணம். அலைநீளம் சொன்னபடி குரலை வைத்துச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். அந்தத் துளையின் வெளியீட்டு இம்பீடன்ஸ் வழக்கமாக மற்றதைப்போல் இரு மடங்கு என்பதையும் ஆர்மச்சர்காரர்கள் மறக்க வேண்டாம்.

கரகரப்புக்கு: +6 டெசிபல் என்றால் மின்னழுத்தம் இரட்டிப்பு. பாட்டு ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுப் பதிவாகியிருந்தால் ஏற இடமில்லை, அலையின் தலை வெட்டுப்படும். ஈக்வலைசரில் ப்ரீஆம்ப் என்று ஒரு நகர்த்தி இருக்கும். பேஸை எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு அதை இறக்குங்கள். +6 என்றால் −6. குறைந்த ஒலியை வால்யூமில் ஈடுகட்டுங்கள்.

அதன் பிறகும் கரகரத்தால் வால்யூமை நன்றாக இறக்கிக் கேளுங்கள். மெல்லிய ஒலியிலும் கரகரப்பு அப்படியே இருந்தால் கோப்பிலோ ஈக்வலைசரிலோ வெட்டுப்படுகிறது. மறைந்துவிட்டால் ஆம்பும் டிரைவரும் சந்தேகத்துக்கு உரியவை. அதே ஈக்வலைசர், அதே ஒலியளவில் டைனமிக் இயர்போனைச் செருகுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் ஆர்மச்சர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ஒற்றை ஆர்மச்சரில் 40 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றி உரக்கக் கேட்பது, அதனிடம் இல்லாத அசைவைக் கேட்பது.

---

மெல்லிழை எழுதியது:

மேலே வராத ஒரு விஷயம், காற்றுத் துளைகள். டைனமிக் டிரைவருக்கு இது ரொம்ப முக்கியம்.

இயர்போன் உடலில் ஊசிமுனை அளவில் இரண்டு துளை இருக்கலாம். காதைப் பார்த்த பக்கம் இருப்பது முன்துளை, செருகும்போது ஏறும் அழுத்தத்தை விடுவிக்க. வெளிப்பக்கம் இருப்பது பின்துளை, டயாஃப்ரத்துக்குப் பின்னால் உள்ள காற்று மூச்சுவிட. முன்துளை அடைபட்டால் கசிவு நின்று அடிப் பேஸ் கூடும். பின்துளை அடைபட்டால் பின்னால் உள்ள காற்று விறைத்து டயாஃப்ரம் அசையத் திணறும், பேஸ் குறையும். இரண்டும் எதிரெதிர். ஆகவே ஒரு பக்கம் பேஸ் கூடியோ குறைந்தோ தெரிந்தால், டிப் சரி என்று உறுதிசெய்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் இந்தத் துளைகளைப் பாருங்கள். அழுக்கு, வியர்வை, முனை வலையில் மெழுகு. ஊசி விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய வலை கிழிந்தால் ஒலியே மாறிவிடும். உலர்ந்த மென்தூரிகை, வலைப் பக்கம் தரையைப் பார்த்தபடி பிடித்துத் தட்டுவது, அவ்வளவு போதும்.

முன்துளையில் துணிபோன்ற மருத்துவ ஒட்டுப் பட்டையை ஒட்டிப் பேஸைக் கூட்டுகிறவர்கள் உண்டு. எப்போது வேண்டுமானாலும் உரித்துவிடலாம் என்பதால் முயன்று பார்க்கத் தடையில்லை. ஆனால் செருகும்போது பிளாஸ்டிக் தாள் மடங்குவது போல் "சரக்" என்று உள்ளே கேட்டால் உடனே எடுத்துவிடுங்கள். அது டயாஃப்ரம் அழுத்தத்தில் வளையும் சத்தம். வளைந்தபடி நின்றுவிட்டால் அந்தப் பக்கம் பேஸ் போய்விடும். பெரும்பாலும் கழற்றி மெதுவாக மறுபடி செருகினால் திரும்பி வரும். எல்லா முறையும் வரும் என்று நம்பக்கூடாது.

ஈக்வலைசர் விஷயத்தில் ஓம்விதியோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. ஒற்றை ஆர்மச்சரில் ஏற்றவே கூடாது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். மிதமான வால்யூமில் 105 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள பகுதி முழுவதையும் ஏற்றும் ஃபில்டர்), க்யூ (ஃபில்டரின் கூர்மை) 0.7, +3 அல்லது +4 நன்றாகவே எடுபடும். கெடுப்பது 40 ஹெர்ட்ஸில் கூர்மையாக +6, +8 ஏற்றுவது. அந்த டைனமிக்குக்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: எதையும் ஏற்றாமல் 200 ஹெர்ட்ஸில் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் மாற்றும் ஒரு பீக் ஃபில்டர், க்யூ 1, −2 டெசிபல். போதாவிட்டால் −3. அடிப் பேஸ் அப்படியே இருக்க, மொத்தை கலைந்து டிரம்மும் கிட்டாரும் பிரியும்.

இவை எல்லாவற்றையும் அமைதியான அறையில் முடிவு செய்யுங்கள். ஓடும் வண்டியின் இரைச்சல் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அங்கே எந்த நல்ல பேஸும் மறையும். வண்டியில் கேட்பதற்குத் தனி ஈக்வலைசர் அமைப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து இயர்போனை எடைபோட வேண்டாம்.

---

தாழ்சுருதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சோதனை முடிவுகளைத் தருகிறேன்.

40 ஹெர்ட்ஸில் வாயைத் திறந்தால் வலது காதில் மாற்றமில்லை, இடது காதில் ஒலி குறைகிறது. இரண்டு இயர்போனிலும் அப்படியே. இடது வலது மாற்றிப் போட்டாலும் குறைவது இடது காதில்தான். இரண்டு பக்கமும் நடுத்தர அளவு சிலிக்கான் டிப். ப்ரீஆம்பை −6 இறக்கியதும் கரகரப்பு முற்றிலும் நின்றுவிட்டது. டைனமிக்கில் 200 ஹெர்ட்ஸில் −2 வைத்ததும் பேஸ் கிட்டார் தனியாகப் பிரிந்து கேட்கிறது. ஆர்மச்சருக்கு அடுத்து என்ன செய்வது?

---

செவிக்குழல் எழுதியது:

மாற்றிப் போட்டும் குறை அதே காதில் நிற்பதால் இயர்போன்கள் இரண்டும் நலம். இடது காதுக்குழாய் வலதைவிடச் சற்று அகலம், அவ்வளவே. இரண்டு காதும் ஒரே அளவில் இல்லாதது மிகச் சாதாரணம். இடதுக்குப் பெரிய டிப், வலதுக்கு நடுத்தரம் என்று கலந்து போடத் தயங்காதீர்கள். பெரியது வலித்தால் இடதுக்கு மட்டும் ஃபோம் போட்டுப் பாருங்கள். ஃபோம் மேல்பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் இரு பக்கமும் நிறம் லேசாக மாறித் தெரியலாம். அப்படித் தெரிந்தால் வலதுக்கும் ஃபோமே போட்டுவிடுங்கள்.

டிப் மாற்றியதும் 40 ஹெர்ட்ஸில் வாயைத் திறந்து மூடும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒலி அசையாமல் நின்ற பிறகு, ஆர்மச்சருக்கு வைத்திருந்த +6-ஐயும் ப்ரீஆம்பையும் சுழிக்குக் கொண்டுவாருங்கள். அந்த +6, கசிவை ஈடுகட்ட வைத்தது. அடைப்பு சரியான பின் அப்படியே விட்டால் வலது, இடது இரண்டும் வீங்கி, குரல் தடித்துவிடும். வெறுமையாக ஓரிரு நாள் கேளுங்கள். எடை இன்னும் போதவில்லை என்றால் மெல்லிழை சொன்ன 105 ஹெர்ட்ஸ் ஷெல்ஃபை +2-ல் துவங்கி, ஒரு நேரத்தில் 1 டெசிபலாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ப்ரீஆம்பும் கூடவே இறங்கட்டும்.